கேட்டலும் கேட்கப்படுதலும்: அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலத்தை முன்வைத்துச் சுரங்கம், உயிர்ப்பன்மை, ஊர்ச் சமூகப் பங்கேற்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கனிமச் சுரங்கங்களைச் சூழ்ந்த நிலப்பகுதிகளில் உயிர்ப்பன்மையைப் பாதுகாக்கும் பணியில் பழங்குடிகளையும் ஊர்ச் சமூகங்களையும் ஈடுபடுத்த வேண்டும் என்பது இன்று பன்னாட்டு உடன்படிக்கைகளும் இந்தியச் சட்டங்களும் ஏற்றுக்கொண்ட கோட்பாடாகும். ஆயினும், அவ்வீடுபாடு எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் நிகழ்கிறது என்னும் வினாவே அதன் பயனை முடிவு செய்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் ஏலம் (2024–2025) இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நடப்பிலுள்ள சட்ட ஏற்பாடுகள் சமூகத்தைத் தகவல் தருபவராகவும் இறுதியில் ஆட்சேபிப்பவராகவும் ஏற்கின்றன. எல்லைகள் வரையப்படும் முதற்கட்டத்தில் அதற்கு இடமளிப்பதில்லை. இக்குறையே பாதுகாப்பை வலுவிழக்கச் செய்கிறது என்பதை இக்கட்டுரை ஒடிசாவின் நியம்கிரி நிகழ்வோடு ஒப்பிட்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அரிட்டாபட்டி, உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலம், டங்ஸ்டன், மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு, கிராம சபை, நியம்கிரி, கருத்துக் கேட்பு.

முன்னுரை

தமிழில் ‘கேள்’ என்னும் வினையடி இருபொருள் உடையது. செவியால் ஏற்றலும் கேட்டலே, வினவுதலும் கேட்டலே. சுரங்கத் திட்டங்களுக்கு முன்னர் நடத்தப்பெறும் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்னும் தொடரில் இவ்விரு பொருள்களும் மயங்கி நிற்கின்றன. மக்கள் சொல்வதை அதிகாரிகள் செவிமடுத்தால் போதுமா, அன்றித் திட்டம் வேண்டுமா வேண்டாவா என்று மக்களிடம் வினவ வேண்டுமா என்பதை அத்தொடர் தெளிவுபடுத்துவதில்லை. இம்மயக்கம் மொழிநிலையில் மட்டும் நிற்பதன்று. பாதுகாப்புச் சட்டங்களின் அமைப்பிலேயே அது பொதிந்துள்ளது.

1992ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மை உடன்படிக்கை தன் 8(ஜே) உறுப்பில் பழங்குடி, ஊர்ச் சமூகங்களின் அறிவையும் நடைமுறைகளையும் மதித்துப் பேணுமாறு நாடுகளை வேண்டுகிறது. 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்–மாண்ட்ரியல் உயிர்ப்பன்மைச் சட்டகத்தின் 22ஆம் இலக்கு, முடிவெடுத்தலில் அச்சமூகங்களின் முழுமையான, பயனுள்ள பங்கேற்பை வலியுறுத்துகிறது. அவ்விலக்கு ஏற்கப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன்னர், 2022 நவம்பர் 22 அன்று, தமிழ்நாட்டின் முதல் உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. இரண்டாண்டுகள் நிறைவதற்குள் அதே நிலம் சுரங்க ஏலப் பகுதிக்குள் அடங்கியது. கோட்பாட்டிற்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை அளந்தறிய இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1. நிகழ்வின் நிரல்

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு சிற்றூர்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலம் 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ்ப் பாரம்பரியத் தலமாயிற்று. ஏறத்தாழ 250 பறவையினங்கள், அவற்றுள் இராசாளிக் கழுகு, லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு ஆகிய மூன்று கொன்றுண்ணிப் பறவைகள், அவற்றோடு தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பு ஆகியன இங்கு வாழ்வதாக அரசு குறிப்பிட்டது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், சமணப் படுக்கைகள், இலகுலீசர் சிற்பத்தை உடைய குடைவரைக் கோயில் ஆகியவையும் இக்குன்றுகளில் உள்ளன.

2023 ஆகஸ்டில் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டு, 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் குவிக்கப்பட்டது. டங்ஸ்டன் அவற்றுள் ஒன்று. 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்று பெயரிடப்பட்ட 20.16 சதுர கிலோமீட்டர் பரப்பிற்கு ஹிந்துஸ்தான் சிங்க் நிறுவனம் முன்னுரிமை ஏலதாரராக அறிவிக்கப்பட்டது. நவம்பர் 23 அன்று கூடிய கிராம சபைகளில் மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை ஒருமனதாகத் தீர்மானம் இயற்றியது. டிசம்பர் 24 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறுவரையறை செய்ய இயலுமா என்று ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டது. 2025 சனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி மக்கள் பெருந்திரளாகப் பேரணி சென்றனர். சனவரி 23 அன்று ஏலம் முற்றிலுமாக நீக்கப்பட்டது.

இந்நிரலை மக்கள் வெற்றியின் வரலாறாகப் படிப்பது எளிது. அது பிழையும் அன்று. எனினும், திறனாய்வு நோக்கில் வேறொரு வினா எழுகிறது. ஊராட்சிகளின் முறையான குரல் ஏலதாரர் அறிவிக்கப்பட்டதற்கு 16 நாள்கள் கழித்தே ஒலித்தது ஏன்? அக்குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லாதபோது, பேரணியும் பேரவைத் தீர்மானமும் இல்லாதிருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும்?

2. பெயரும் நீரும்: ஊரறிவின் இயல்பு

வருவாய்த்துறை ஆவணங்களில் இத்தகைய குன்றுகள் பெரும்பாலும் ‘புறம்போக்கு’, ‘பாறை’, ‘தரிசு’ என்னும் வகைப்பாடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. ஊராரின் வழக்கிலோ ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் உண்டு. கழிஞ்சமலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை, கூகைகத்திமலை என்பன அப்பெயர்களுட் சில. கழுகு தங்கும் மலை, தேன்கூடு கட்டும் மலை, கூகை கத்தும் மலை என்று அவை உயிரினங்களின் இருப்பைச் சொல்லாலேயே பதிந்து வைத்துள்ளன. உயிரியலாளர் கணக்கெடுக்க வருவதற்கு நெடுங்காலம் முன்பே இயன்ற ஒரு பதிவேடு என்று இப்பெயர்த் தொகுதியைக் கொள்ளலாம்.

பெயர்களினும் நுட்பமானது நீர் பற்றிய அறிவு. இத்தலத்தின் சூழலில் 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் உள்ளதாக அரசின் அறிவிப்பே கூறுகிறது. பாறைக்குன்றில் விழும் மழை சுனைகளில் தங்கி, ஓடைகளாக இறங்கி, ஊருணியையும் கண்மாயையும் நிறைத்து, ஒன்று நிரம்பியபின் மறுகால் பாய்ந்து அடுத்ததைச் சேர்கிறது. மடை திறப்பதும் வரத்துக்கால் தூர்வாருவதும் ஊர்க்கூட்டு முடிவுகளாக நடந்தேறும் இவ்வமைப்பில், குன்றின் உச்சிக்கும் கடைமடை வயலுக்கும் இடையே பிரிக்கவியலாத தொடர்பு உண்டு. பெரியாறு ஒருபோகப் பாசனம் பெறும் மேலூர் உழவர்க்கு இது ஆண்டுதோறும் சோதித்தறியும் நடைமுறை அறிவு. தெய்வம் உறையும் இடமாகக் கருதி மரத்தை வெட்டாதிருத்தல், சுனைநீரை மாசுபடுத்தாதிருத்தல் ஆகிய விலக்குகளும் இவ்வறிவின் வேறு வடிவங்களே ஆகும். அவற்றை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவதும், அறிவியலுக்கு முந்தைய ஞானம் என்று போற்றிப் புகழ்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள். அவை பொதுவளத்தைக் கட்டுப்பாட்டோடு நுகர்வதற்கு ஊர் தானே வகுத்துக்கொண்ட விதிகள்.

இவ்வறிவிற்கு அண்மைக்கால அனுபவமும் உரம் சேர்த்தது. மேலூர் வட்டத்தில் கிரானைட் வெட்டியெடுப்பால் குன்றுகள் குடையப்பட்டதையும் கண்மாய்களும் வாய்க்கால்களும் சிதைந்ததையும் மக்கள் நேரிற் கண்டவர்கள். அம்முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தை நியமித்தது, 2015இல் அவரது அறிக்கை அளிக்கப்பட்டது. சுரங்கம் பற்றிய அச்சம் அறியாமையில் பிறந்தது என்னும் வாதம் மேலூரில் எடுபடாமற்போனதற்கு இதுவே காரணம்.

3. 1.93 சதுர கிலோமீட்டர் என்னும் தருக்கம்

அமைச்சகத்தின் டிசம்பர் மாத விளக்கம் திறனாய்விற்கு உரிய ஒரு பனுவல். மொத்தப் பரப்பு 20.16 சதுர கிலோமீட்டர். பாரம்பரியத் தலம் அதில் 1.93 சதுர கிலோமீட்டர் மட்டுமே. எனவே அதை விலக்கி எல்லையைத் திருத்தலாம் என்பது அதன் உட்கிடை. மேலோட்டமாக நோக்கின் இது நியாயமான இணக்கமாகவே தோன்றும். பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நிலத்தை விட்டுக்கொடுத்தால் உயிர்ப்பன்மை காக்கப்பட்டுவிடும் என்று அது கருதுகிறது.

இத்தருக்கத்தின் குறை உயிர்ப்பன்மையைப் பரப்பளவாகச் சுருக்குவதில் உள்ளது. பாறை விளிம்பில் கூடு கட்டும் வல்லூறு அப்பாறையில் உணவு தேடுவதில்லை. சுற்றியுள்ள வயல்களிலும் வெளிகளிலும் பறந்து வேட்டையாடுகிறது. இராசாளிக் கழுகின் வேட்டை எல்லை பல சதுர கிலோமீட்டர் விரிவுடையது. தேவாங்கு நிலத்தில் இறங்குவதைத் தவிர்த்து, கிளைவிட்டுக் கிளை தாவாமல் மெல்லப் பற்றி நகரும் உயிர். மரத்தொடர்ச்சி அறுந்தால் அதன் உலகமும் அறும். டங்ஸ்டன் தாதுவில் பயன்படும் பகுதி பொதுவாக ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. வெட்டியெடுக்கப்படும் பாறையின் பெரும்பங்கு கழிவாகக் குவியும். தாதுவைப் பொடித்துப் பிரிக்க நீர் வேண்டும். கண்மாய்த் தொடரின் நடுவே அக்கழிவு குவியுமாயின், கோட்டிற்கு உள்ளே நிற்கும் குன்று காக்கப்பட்டதாகக் கருத இயலாது. கூடு மட்டும் எஞ்சி, இரையும் நீரும் அழிந்த நிலை அது.

இத்தொடர்பை எடுத்துரைக்க உயர்தொழில்நுட்ப ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. அ. வல்லாளபட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர், தம் ஊர் பாரம்பரியத் தலத்தின் கோட்டிற்கு வெளியே இருந்தும், பகுதி விலக்கை ஏற்காமல் முழு நீக்கத்தையே வேண்டினர். அக்கோரிக்கையைப் பிடிவாதம் என்று கொள்வது தவறு. மறுகால் பாயும் திசையை அறிந்தவர்களின் சூழலியல் வாதம் அது. கோட்டைத் திருத்தும் பணி புவியியல் நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டபோது இவ்வாதம் இடம்பெறுவதற்கான வாயிலே இல்லாமற்போயிற்று. நிலத்தடிக் கனிமத்தை அறிந்த துறை, நிலத்தின்மேல் வாழ்வனவற்றின் எல்லையையும் தீர்மானிக்க நேர்ந்தது.

4. பதிவேடும் குழுவும்: தகவலாளராகச் சமூகம்

உயிர்ப்பன்மைச் சட்டம் சமூகப் பங்கேற்பிற்கு வழிவகுத்திருக்கிறதே என்னும் மறுப்பு இங்கு எழலாம். அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு ஒவ்வோர் உள்ளாட்சியும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. அக்குழு மக்களைக் கலந்து உயிர்ப்பன்மைப் பதிவேட்டை ஆக்குகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் இப்பணிக்குக் காலக்கெடு விதித்து, 2020 சனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதந்தோறும் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. விளைவாக நாடெங்கும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவேடுகள் உருவாயின.

எண்ணிக்கை உயர்ந்தது, பதிவேட்டின் வலிமை அவ்வாறு உயர்ந்ததா என்பது ஐயம். காரணம் சட்டத்தின் சொல்லமைப்பிலேயே உள்ளது. பிரிவு 41(2)இன்படி, உயிரிவளங்களின் பயன்பாடு பற்றிய முடிவுகளை எடுக்கும்போது தேசிய ஆணையமும் மாநில வாரியங்களும் மேலாண்மைக் குழுவைக் கலந்தாலோசிக்க வேண்டும். மூலிகையை எடுத்துச் செல்வதற்கு இக்கடமை பொருந்தும்; மூலிகை வளரும் குன்றையே உடைத்தெடுப்பதற்குப் பொருந்தாது. ஏனெனில் கனிமம் உயிரிவளம் அன்று. ஏலம் விடும் சுரங்க அமைச்சகம் உயிர்ப்பன்மை வாரியமும் அன்று. ஏலப் பகுதியை வரைவோர் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி கனிமச் சட்டத்திலும் இல்லை.

பிரிவு 36(4) உயிர்ப்பன்மைக்கு ஊறு விளைக்கக்கூடிய திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடுமாறு ஒன்றிய அரசைப் பணிக்கிறது. ஆயின், அம்மதிப்பீட்டில் பொதுமக்கள் பங்கேற்பைப் ‘பொருத்தமான இடங்களில்’ ஏற்படுத்தலாம் என்று அதை நெகிழ்த்திவிடுகிறது. எது பொருத்தமான இடம் என்பதை முடிவு செய்பவர் மக்கள் அல்லர். பாரம்பரியத் தலம் பற்றிய 37ஆம் பிரிவோ, உள்ளாட்சியைக் கலந்து தலத்தை அறிவிக்க வழிசெய்கிறதே அன்றிச் சுரங்கத்தை நேரடியாகத் தடைசெய்வதில்லை. ஆக, ஊரார் தம் அறிவைப் பதிவேட்டிற்குத் தந்துவிட்டனர். அப்பதிவேடு அவர்களைக் காக்கும் ஆவணமாக மாறவில்லை. தகவல் மேனோக்கிச் சென்றது. அதிகாரம் கீழ்நோக்கி வரவில்லை.

5. நியம்கிரி: ஒப்புதல் என்னும் சொல்

ஒடிசாவின் இராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரந்துள்ள நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டும் திட்டத்தை டோங்ரியா கோந்து பழங்குடியினர் எதிர்த்தனர். அம்மலை அவர்களுக்கு நியமராஜா உறையும் இடம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின் (2006) அடிப்படையில் அவர்களின் பண்பாட்டு, சமய உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நடந்த 12 கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. 2014 சனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

இரு நிகழ்வுகளின் முடிவும் ஒன்றே, வழி வேறு. நியம்கிரியில் நீதிமன்ற ஆணையின்படி, நீதிபதியின் மேற்பார்வையில், கிராம சபையிடம் வினா கேட்கப்பட்டது. விடையும் சட்ட எடை பெற்றது. அரிட்டாபட்டியில் எவரும் வினவவில்லை. மக்கள் தாமாகவே விடை சொல்ல நேர்ந்தது. நியம்கிரி ஊரார் ‘கேட்கப்பட்டவர்கள்’. மேலூர் ஊரார் ‘கேட்கச் செய்தவர்கள்’. முன்னது ஓர் உரிமையின் செயற்பாடு. பின்னது அரசியல் வலிமையின் விளைவு. உரிமை அடுத்த ஊருக்கும் பயன்படும். வலிமை எல்லா ஊருக்கும் ஒருங்கே வாய்ப்பதில்லை.

நியம்கிரியையும் குறையற்ற முன்மாதிரியாகக் கொள்ளுதற்கு இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள மலையில் 12 ஊர்களை மட்டும் மாநில அரசு தெரிவு செய்தது அப்போதே கண்டனத்திற்கு உள்ளாயிற்று. எவரைக் கேட்பது என்னும் தெரிவே முடிவைத் திசைதிருப்பக் கூடும் என்பதற்கு அது சான்று. மேலும், நியம்கிரிக்குக் கைகொடுத்த சட்டம் மேலூருக்குக் கைகொடுக்காது. வன உரிமைச் சட்டம் வனநிலத்தையும், அதனைச் சார்ந்து வாழும் பழங்குடியினரையும் பிற மரபுவழி வனவாழ்நரையும் பற்றியது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. காடு என்று ஆவணப்படாத குன்றும், பழங்குடி என்று அட்டவணைப்படாத உழவர் சமூகமும் ‘ஊர்ச் சமூகம்’ என்னும் பொதுச்சொல்லுள் அடங்குகின்றன. பன்னாட்டு ஆவணங்கள் ‘பழங்குடிகளும் ஊர்ச் சமூகங்களும்’ என்று இணைத்துச் சொல்லும் தொடரின் பின்பாதிக்கு இந்தியச் சுரங்கச் சட்டத்தில் நிகரான உரிமை இல்லை.

6. குறுகிவரும் வாயில்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக் கேட்பே ஊர்ச் சமூகத்திற்கு எஞ்சியிருந்த முறையான வாயில். ஏலம் முடிந்து, எல்லை உறுதியாகி, வரைவறிக்கை ஆயத்தமான பின்னரே அது நிகழும். காலந்தாழ்ந்த வாயிலேயாயினும், ஊரார் சொல்வது அரசின் கோப்பில் ஏறும் இடம் அதுவாக இருந்தது. 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை, அணுக்கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்தறிதலிலிருந்து விலக்களித்தது. நாட்டுப் பாதுகாப்பும் உத்திசார் தேவையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

டங்ஸ்டன் போன்ற கனிமங்களின் தேவையை மறுப்பதற்கு இல்லை. கருவி எஃகிற்கும் பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் அவை வேண்டும். ஆயினும், தேவையின் மிகுதி கேட்டலை நீக்குவதற்குக் காரணம் ஆகாது. எந்த நிலத்தில் எடுப்பது என்னும் தெரிவை மேலும் கவனமாகச் செய்வதற்கே அது காரணமாதல் வேண்டும். அரிட்டாபட்டி ஏலத்தை விட்டு ஓராண்டு நிறைவதற்குள் அதை நீக்க நேர்ந்தது. முன்கூட்டியே ஊராரைக் கேட்டிருப்பின் அக்காலமும் செலவும் மிச்சமாகியிருக்கும். கேட்டலைத் தவிர்ப்பது விரைவைத் தரும் என்னும் எண்ணம் அனுபவத்தால் மறுக்கப்பட்டதாயினும், கொள்கை அந்த அனுபவத்திற்கு எதிர்த்திசையிலேயே நகர்ந்துள்ளது.

7. ‘சமூகம்’ என்னும் சொல்லின் வரம்பு

ஊர்ச் சமூகத்தை ஒருமித்த ஓருருவாகக் கருதுவது திறனாய்விற்கு ஏற்புடையதன்று. நிலவுடைமையாளரும் நிலமற்ற கூலித் தொழிலாளரும், ஆடு மேய்ப்போரும் கண்மாய்ப் பாசனக்காரரும், வெவ்வேறு சாதியினரும் குன்றோடு கொண்ட உறவு ஒன்றன்று. விறகு பொறுக்கியும் நீர் சுமந்தும் குன்றை நாளும் அறிந்த பெண்களின் சொல் ஊர்க்கூட்டத்தில் எந்த அளவிற்கு ஏறுகிறது என்பதும் ஆய்விற்குரியது. பொது ஆபத்து இவ்வேறுபாடுகளைத் தற்காலிகமாக மறக்கச் செய்தது. ஆபத்து நீங்கியபின் மேலாண்மைக் குழுவில் எவர் அமர்கின்றனர், மேய்ச்சலும் மீன்பாசியும் எவர்க்கு எனும் வினாக்கள் மீள எழும். பாரம்பரியத் தலம் ஊரார் தாமே விரும்பி ஏற்றவை நீங்கலாக, அவர்களின் வழக்கமான பயன்பாடுகளுக்குத் தடை விதிக்கலாகாது என்பது தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் வழிகாட்டு நெறி. அந்நெறி நடைமுறையில் நிற்பது குழுவின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஆதலின், பங்கேற்பு என்பது அரசுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட சிக்கல் மட்டுமன்று. ஊருக்குள்ளேயும் கேட்டல் நிகழ வேண்டும்.

முடிவுரை

அரிட்டாபட்டியைத் தொடர்ந்து 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு 4.97 ஹெக்டேர் பரப்பில் மாநிலத்தின் இரண்டாம் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய சிறு தலங்கள் பெருகுவது வரவேற்கத்தக்கது. ஆயினும், கோட்டைச் சுற்றி நடப்பதில் ஊருக்குச் சொல்லுரிமை இல்லாதவரை, சிறு கோடுகள் பெருஞ்சுரங்கத்தைத் தாங்கி நிற்க மாட்டா.

இவ்வாய்வின்வழி மூன்று திருத்தங்கள் தேவை எனப் புலனாகிறது. முதலாவது, கனிமப் பகுதியை வரையும் கட்டத்திலேயே மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டை நோக்கி, மேலாண்மைக் குழுவின் எழுத்துவழிக் கருத்தைப் பெறுவதை ஏலத்திற்கு முன்நிபந்தனையாக்குதல். இரண்டாவது, பாரம்பரியத் தலத்தின் பாதுகாப்பு எல்லையைப் பரப்பளவால் அன்றி நீர்வரத்து, வேட்டைவெளி, மரத்தொடர்ச்சி ஆகியவற்றால் ஊராரோடு கூடி வரையறுத்தல். மூன்றாவது, அட்டவணைப் பகுதிக்கு வெளியே உள்ள ஊர்களின் கிராம சபைக்கும் ஒப்புதல் தரவும் மறுக்கவும் உரிய சட்டநிலையை அளித்தல். இம்மூன்றும் நிறைவேறும்போதே ‘கருத்துக் கேட்பு’ என்னும் தொடர் தன் இருபொருளையும் ஒருங்கே பெறும். அதுவரை, ஊரார் சொல்லைச் செவிமடுக்கச் செய்ய ஒவ்வோர் ஊரும் சாலையில் இறங்க வேண்டியிருக்கும். இறங்கும் வலிமையற்ற ஊரின் குன்று எவரும் அறியாமலே வரைபடத்திலிருந்து நீங்கும்.